தொண்டுச் சங்கமும் நம் இல்லங்களும்: கண் மருத்துவ முகாம் வழியாக ஒரு பாடம்



பேருந்து நிலையத்தின் அருகிலோ கடைத்தெரு முனையிலோ "அரிமா சங்கம்" என்று எழுதப்பெற்ற பலகையை நாம் பலமுறை கண்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமையன்று பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடைபெறும் என ஒலிபெருக்கி அறிவிக்கக் கேட்டிருப்போம். நம் உறவினருள் சிலர் அச்சங்கத்தின் உறுப்பினராக இருத்தலும் கூடும். ஆயினும் அங்கு நடைபெறும் பணிகள் யாவை, அவற்றுள் நம் இல்லத்தார் ஏற்கத்தக்கது எது என்று வினவினால், "நன்கொடை கேட்டு வருவார்கள்; நாமும் கொடுப்போம்" என்பதற்கு மேல் பலரால் விடை கூற இயலுவதில்லை.

பொருள் கொடுத்தல் நன்றே. ஆனால் தொண்டுச் சங்கம் ஒன்றில் பெரும்பாலும் குறைவாக இருப்பது பொருளன்று. தொடங்கிய பணியை முடிவுவரை தொடர்ந்து செல்லும் ஆட்களே. இவ்வுண்மையைக் கண் மருத்துவ முகாம் என்னும் ஒரு பணியை எடுத்துக்கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

சங்கம் தோன்றிய வரலாறு

அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் 1905ஆம் ஆண்டு ரோட்டரி சங்கம் தோன்றியது. அதே நகரில் காப்பீட்டுத் தொழில் செய்துவந்த மெல்வின் ஜோன்ஸ் என்பவர் வணிகர் கழகம் ஒன்றில் உறுப்பினராக இருந்தார். அக்கழகத்தார் கூடி உண்பதும், தத்தம் தொழில் வளர ஒருவருக்கொருவர் உதவுவதுமாக இருந்தனர். இத்துணைத் திறமை வாய்ந்தவர்கள் தம் ஊர் மக்களுக்காகவும் உழைக்கலாகாதா என்னும் எண்ணம் ஜோன்ஸுக்கு எழுந்தது. அவ்வெண்ணத்தை ஏற்ற பிற கழகத்தாரும் 1917 ஜூன் 7ஆம் நாள் சிகாகோவில் கூடினர். அதுவே அரிமா இயக்கத்தின் தொடக்கமாகும். அவ்வாண்டு அக்டோபரில் டல்லாஸ் நகரில் முதல் மாநாடு நடைபெற்றது. உறுப்பினர் தம் பொருள் நலனைப் பெருக்கிக்கொள்வது சங்கத்தின் நோக்கமாக இருத்தலாகாது என்பது தொடக்கத்திலேயே வகுக்கப்பட்ட நெறியாகும்.

அரிமா சங்கத்தின் பெயர் கண் மருத்துவத்தோடு இணைந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. பிறந்த 19ஆம் மாதத்தில் பார்வையையும் கேள்வியையும் இழந்து, பின்னர்க் கல்வியிற் சிறந்து விளங்கிய ஹெலன் கெல்லர் அம்மையார், 1925ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் நடைபெற்ற அரிமா மாநாட்டில் உரையாற்றினார். பார்வையற்றோருக்குத் துணை நிற்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுமாறு அவர் விடுத்த வேண்டுகோளைச் சங்கத்தார் தலைமேற் கொண்டனர். அன்று முதல் கண்ணொளி காக்கும் பணி அவ்வியக்கத்தின் தலையாய பணியாயிற்று.

சங்கத்தின் அமைப்பு

சங்கத்தின் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30ஆம் நாள் முடிவுறும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஏற்கெனவே உள்ள உறுப்பினர் ஒருவர் முன்மொழிய, அழைப்பின் பேரில் ஒருவர் உறுப்பினராகலாம். 1987ஆம் ஆண்டு முதல் மகளிரும் முழு உறுப்பினராகும் உரிமை பெற்றுள்ளனர். 12 வயது முதல் 30 வயது வரையுள்ள இளைஞர்களுக்கு லியோ சங்கம் என்னும் பிரிவு உண்டு. கட்சி அரசியலும் சமயப் பூசலும் சங்கக் கூட்டத்தில் விவாதிக்கப்படலாகா என்பது விதி.

பணம் பற்றிய ஒரு விதியை நாம் சிறப்பாக அறிந்துகொள்ளல் வேண்டும். சங்கம் இரு கணக்குகளைத் தனித்தனியே வைத்தல் வேண்டும். உறுப்பினர் செலுத்தும் சந்தா நிர்வாகக் கணக்கில் சேரும்; கூட்டச் செலவு, தபால் செலவு முதலியன அதிலிருந்து செய்யப்படும். பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடை தொண்டுக் கணக்கில் சேரும். அது பொதுமக்களுக்கே திரும்பச் செல்லுதல் வேண்டும். நன்கொடை கொடுப்போர் இக்கணக்கைக் கேட்டறிதல் குற்றமன்று, கடமையேயாகும்.

ஆண்டுக்கொரு தலைவர் என்னும் முறையால் பலருக்கும் பொறுப்பேற்கும் வாய்ப்பு அமைகிறது. அதே முறையால் ஒரு குறையும் நேர்கிறது. புதிய தலைவர் புதிய பணியைத் தொடங்க விழைவார். சென்ற ஆண்டின் பணியைப் பின்தொடர்வார் இல்லாது போகும். இதனை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

கண்புரை என்பது யாது?

நம் கண்ணுக்குள் ஒளியைக் குவிக்கும் லென்ஸ் ஒன்று உண்டு. இளமையில் அது பளிங்கு போல் தெளிவாக இருக்கும். முதுமையில் அது சிறிது சிறிதாக மங்கி ஒளியைத் தடுக்கும். இதுவே கண்புரை. மருந்தாலோ கண்ணாடியாலோ இதனை நீக்க இயலாது. அறுவை சிகிச்சையால் மங்கிய லென்ஸை அகற்றி, அவ்விடத்தில் செயற்கை லென்ஸைப் பொருத்துதலே வழியாகும். செயற்கை லென்ஸை 1949ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலாகப் பொருத்தியவர் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர். நம் நாட்டில் அதன் விலை ஏழை மக்களுக்கு எட்டாததாக இருந்தது. 1992ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் அதனைச் செய்து அளித்தமையால் அந்நிலை மாறியது.

நம் நாட்டில் 2015 முதல் 2019 வரை நடத்தப்பெற்ற தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தோரிடையே காணப்பட்ட பார்வையிழப்பில் ஏறத்தாழ 66 விழுக்காடு கண்புரையால் நேர்ந்தது. அதாவது, பார்வையிழந்த முதியோர் மூவரில் இருவர் மீண்டும் பார்வை பெறத்தக்கவர். சிகிச்சை உண்டு, மருத்துவர் உளர், ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளும் உள. பின்னும் இவர்கள் இருளில் இருப்பது ஏன்? தொண்டர்கள் விடை காண வேண்டிய வினா இதுவே.

முகாமுக்கு முன்

முகாம் நடத்துவதற்குக் கண் மருத்துவமனையின் இசைவும், மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தின் அனுமதியும், இடம் தரும் பள்ளியின் ஒப்புதலும் பெறல் வேண்டும். நாள் குறிப்பதில் கருத்துத் தேவை. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் திருவிழா நாளிலும் வைத்தால் மக்கள் வாரார்.

துண்டறிக்கையும் ஒலிபெருக்கியும் செய்தியை அறிவிக்கும். ஆனால் ஆளை அழைத்து வாரா. துண்டறிக்கையைப் படிக்க இயலாதவரே நாம் தேடும் நோயாளி என்பதை எண்ணிப் பாருங்கள். ஆதலின் முகாமுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தொண்டர்கள் இருவர் இருவராகச் சுற்றுவட்டச் சிற்றூர்களுக்குச் சென்று வீடு வீடாகச் சொல்லுதல் சிறந்தது. திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோரிடம், "பெரியம்மா, என் கையில் எத்தனை விரல் தெரிகிறது?" என்று கேட்பதே முதற் சோதனையாகும். தென்னிந்தியச் சிற்றூர்களில் நடத்தப்பெற்று 1999ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, கண்ணில் குறையுடையோருள் முகாமுக்கு வந்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லை என்று காட்டியது. வந்த கூட்டத்தைக் கண்டு மகிழும் நாம் வாராதவரை நினைப்பதில்லை.

முகாம் நாளன்று

முகாமில் நோயாளி ஒருவர் பல நிலைகளைக் கடக்க வேண்டும். முதலில் பெயரும் ஊரும் பதிவு செய்யப்படும். அடுத்து ஆறு மீட்டர் தொலைவில் உள்ள அட்டையைக் காட்டிப் பார்வை அளக்கப்படும். எழுத்தறியாதோருக்குத் திசை காட்டும் குறிகள் அமைந்த அட்டை உண்டு. பின்னர் மருத்துவர் சோதனை, கண் அழுத்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியன பார்க்கப்படும். இறுதியில் கண்ணாடி தேவைப்படுவோர், சொட்டு மருந்து தேவைப்படுவோர், அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் எனப் பிரிக்கப்படுவர். அறுவை சிகிச்சைக்குரியோர் பெரும்பாலும் அன்றே பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவர்.

மருத்துவப் பணி மருத்துவமனையாருடையது. தொண்டர் பணியோ எளியது போல் தோன்றினும் இன்றியமையாதது. வரிசையை ஒழுங்கு செய்தல், குடிநீரும் மோரும் வழங்கல், பார்வை குன்றியோரைக் கைப்பிடித்து ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு அழைத்துச் செல்லல், மருத்துவர் கூறியதை எளிய சொற்களால் மீண்டும் விளக்குதல் ஆகியன அவை. இவற்றுள் முதன்மையானது முகவரி எழுதுதல். ஊர், தெரு, வீட்டாரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தெளிவாக எழுதாவிடில் பின்னர் அவரைக் கண்டுபிடிக்க இயலாது.

தொடக்க விழாவைப் பற்றியும் ஒரு சொல். காலையில் வெறுவயிற்றோடு வந்து காத்திருக்கும் முதியோர் முன்னிலையில், பொன்னாடையும் பாராட்டுரையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளுதல் அழகன்று. பத்து நிமிடத்தில் விழாவை முடித்து மருத்துவரை மேசைக்கு அனுப்பும் தலைவரே சிறந்த தலைவர்.

முகாமுக்கு மறுநாள்

மாலையில் பேருந்து புறப்பட்டதும் முகாம் முடிந்ததென்று பந்தலைப் பிரிக்கிறோம். உண்மையில் அரைப் பணியே முடிந்துள்ளது. அறுவை சிகிச்சை தேவையென்று மருத்துவர் எழுதிக் கொடுத்தும் பேருந்தில் ஏறாது வீடு திரும்பியவர்கள் உளர். பேருந்தில் ஏறியவர் பட்டியல் மருத்துவமனையிடம் இருக்கும். ஏறாதவர் பட்டியல் யாரிடமும் இராது. அதனை எழுதி வைத்துக்கொள்பவரே மெய்யான தொண்டர்.

எடுத்துக்காட்டாக மூதாட்டி ஒருவரை எண்ணிக்கொள்வோம். இரு கண்ணிலும் புரை. செலவு ஏதுமில்லை என்று கூறியும் அவர் ஏறவில்லை. "மாட்டுக்கு யார் தீவனம் வைப்பது? மகன் வெளியூரில் இருக்கிறான். அவனைக் கேட்காமல் எப்படி வருவேன்?" என்பது அவர் விடை. அதனை அறியாமை என்று ஒதுக்கலாகாது. மாடு அவருடைய பிழைப்பு. மகன் அவருடைய துணை. அவர் சொன்ன தடைகள் இரண்டும் மெய்யான தடைகளே. சிகிச்சை இலவசம் என்னும் நம் விடை அவர் கேட்ட வினாவுக்கு விடையாகாது.

மறுநாளோ அவ்வாரத்திலோ தொண்டர் இருவர் அவர் வீட்டுக்குச் செல்கின்றனர் என்க. மகனிடம் தொலைபேசியில் பேசி ஒப்புதல் பெறுகின்றனர். பக்கத்து வீட்டாரிடம் மூன்று நாள் மாட்டைப் பார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றனர். அச்சம் இருப்பின், அதே ஊரில் முன்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரை அழைத்து வந்து பேசச் செய்கின்றனர். நூறு துண்டறிக்கை செய்யாததை, "எனக்கும் பயமாகத்தான் இருந்தது, இப்போது ஊசியில் நூல் கோக்கிறேன்" என்னும் ஒரு பெண்மணியின் சொல் செய்துவிடும். அடுத்த பேருந்தில் மூதாட்டி ஏறுகிறார். இதற்குச் செலவான பணம் சிறிது. செலவானது இரண்டு மாலைப் பொழுது.

சிகிச்சை முடிந்து திரும்பியோரையும் மறத்தலாகாது. சொட்டு மருந்தை மருத்துவர் குறித்த நாள் வரை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் வரை, தவறாது இடல் வேண்டும். கண்ணில் அழுக்கு நீரும் தூசும் படாது காத்தல் வேண்டும், கண்ணைக் கசக்கலாகாது. வலியோ சிவப்போ திடீர் மங்கலோ தோன்றினால், மறு பரிசோதனை நாள் வரும்வரை காத்திராது உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். தனித்து வாழும் முதியோருக்கு மருந்திட ஆள் இல்லை. நாள்தோறும் சென்று சொட்டு மருந்திடும் பள்ளி மாணவி ஒருத்தி, அக்கண்ணைக் காத்தவருள் ஒருத்தியாகிறாள்.

கண் தானமும் இரத்த தானமும்

கண்புரையால் அன்றிக் கருவிழி வெண்மையடைந்து பார்வையிழந்தோரும் உளர். அவர்களுக்கு இறந்தவர் ஒருவரின் தெளிந்த கருவிழியைப் பொருத்துதல் வேண்டும். இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்கள் பெறப்படல் வேண்டும். கண் வங்கியார் வீட்டுக்கே வருவர், ஏறத்தாழ 20 நிமிடத்தில் பணி முடியும், முகம் சிதையாது. கண்ணாடி அணிந்தவரும், புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும், சர்க்கரை நோயாளரும் கண் தானம் செய்யலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், தொற்று மஞ்சட்காமாலை முதலியவற்றால் இறந்தோரின் கண்கள் ஏற்கப்படா. கண் வங்கியார் வரும்வரை இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வைத்தல் போதும்.

உயிருள்ளபோது கையெழுத்திட்ட உறுதிமொழித் தாள் மட்டும் போதாது. துயரம் சூழ்ந்த அந்நேரத்தில் குடும்பத்தார் இசைந்து, யாரேனும் ஒருவர் கண் வங்கிக்குத் தெரிவித்தல் வேண்டும். உடல் வேறு, உயிர் வேறு என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர் நாம். இறந்தவரை விரைந்து எரியூட்டும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஆகவே இம்முடிவை அந்நேரத்தில் எடுக்க இயலாது. பெரியோரும் இளையோரும் கூடியிருக்கும் ஒரு நல்ல பொழுதில் முன்னரே பேசி வைத்தல் வேண்டும்.

இரத்த தானத்திலும் தொடர்ச்சியே பெரிது. 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையுடைய நலமுள்ளோர் இரத்தம் அளிக்கலாம். ஆடவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்டிர் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் அளிக்கலாம். இரத்தத்தின் சிவப்பணுக்களை ஏறத்தாழ ஆறு வாரமே சேமித்து வைக்க இயலும். தட்டணுக்கள் ஐந்து நாளே நிற்கும். ஆதலின் ஒரே நாளில் நூறு பேர் அளித்துப் படம் எடுத்துக்கொள்வதினும், ஆண்டு முழுவதும் அழைத்தபோது வரும் நாற்பது பேரின் பட்டியல் ஒரு மருத்துவமனைக்கு அதிகம் உதவும்.

யார் யார் என்னென்ன செய்யலாம்?

உறுப்பினராகச் சேர்ந்தால்தான் தொண்டு செய்யலாம் என்பதில்லை. செயலாளரை அணுகி, முகாம் பணிக்கு வர விழைகிறேன் என்று கூறினால் போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பதிவேடு எழுதலாம். அனுமதிக் கடிதங்கள் வரையலாம். கணக்கறிந்தோர் தொண்டுக் கணக்கைச் சரிபார்த்து உதவலாம். வண்டி வைத்திருப்போர் சிற்றூர் முதியோரை ஏற்றி வரலாம். இல்லத்தரசியரின் பணி தனிச் சிறப்புடையது. ஆடவரிடம் சொல்லத் தயங்கும் அச்சத்தை மூதாட்டியர் பெண்களிடமே சொல்வர். மாணவர்கள் லியோ சங்கத்தில் சேர்ந்து பின்தொடர் பட்டியலைக் காக்கலாம். தலைவர் மாறினும் பட்டியல் மாறாது. ஆண்டுதோறும் நேரும் இடைவெளியை நிரப்ப வல்லது அந்தக் குறிப்பேடேயாகும்.

நம்மவரின் தயக்கம்

நம் குடும்பத்தார் சிலர் இத்தகைய சங்கங்களில் சேரத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. சில சங்கங்களில் கூட்டம் இரவில் நடைபெறும். விருந்தில் புலாலும், சில இடங்களில் மதுவும் இருக்கும். இரவு உண்ணாமையும் புலால் மறுத்தலும் மேற்கொண்டோருக்கு இது இடர்ப்பாடே. இத்தயக்கத்தைக் குறை கூறலாகாது.

ஆயினும் விருந்து சங்கத்தின் விதியன்று, வழக்கமே. சேருமுன்னரே நம் நோன்பைப் பணிவுடன் எடுத்துரைக்கலாம். கூட்டத்தில் கலந்துகொண்டு விருந்துக்கு முன் விடைபெறலாம். அவ்வாறும் இயலாதெனின், உறுப்பினராகாமலே முகாம் பணியில் மட்டும் ஈடுபடலாம். முகாம் பகலில் நடைபெறுவது. அங்கு நம் நோன்புக்கு ஊறு இல்லை. சிற்றூர் வீதியில் முதியோரைத் தேடிச் செல்வதற்கும் எவ்வித இடையூறும் இல்லை.

முடிவுரை

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களை இல்லறத்தார்க்குரிய கடமையாக நம் முன்னோர் வகுத்தனர். மருந்து கொடுத்தல் என்பது மருந்துப் புட்டியைக் கையில் தருவதோடு முடிவதன்று; நோயாளியின் கண்ணில் அது சேரும்வரை உடனிருத்தலும் அதனுள் அடங்கும். முகாமின் வெற்றியை வந்தவர் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கத்தை விடுத்து, பார்வை பெற்று வீடு திரும்பியவர் எண்ணிக்கையால் அளக்கப் பழகுவோம். அடுத்த முகாம் நடைபெறும்போது, நன்கொடையோடு நில்லாது, ஏறாதவர் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஒருவர் வீட்டு வாயிலுக்கேனும் செல்ல முன்வருவோமாக.

இல்லத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. அரிமா சங்கம் இரு கணக்குகளைத் தனித்தனியே வைப்பதன் காரணம் யாது?
2. கண்புரையை மருந்தால் நீக்க இயலாதது ஏன்?
3. சிகிச்சை இலவசமாயினும் முதியோர் தயங்குவதற்குரிய காரணங்கள் மூன்றினைக் கூறி, ஒவ்வொன்றையும் நீக்கும் வழியை விளக்குக.
4. நம் தெருவில் பார்வை குன்றிய முதியோர் எத்தனை பேர்? அவர்கள் மருத்துவரிடம் கண்ணைக் காட்டியுள்ளனரா?
5. கண் தானம் பற்றி நம் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து பேசியதுண்டா? இல்லையெனில் எப்பொழுது பேசலாம்?